இரும்புச் சாவியின் இரண்டு நிமிடம்

திருநெல்வேலி மேலப்பாளையம் சந்தைப் பக்கம் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், சுற்றி நிற்கிறவர்கள் முதலில் தேடுவது சாவியை. பைக் சாவி, கடைச் சாவி, எது அகப்பட்டாலும் சரி, இறுகிக் கிடக்கும் விரல்களைப் பிரித்து உள்ளங்கையில் திணிப்பார்கள். சற்று நேரத்தில் உதறல் குறையும், மூச்சு பெரிதாக வாங்கும், கண் மெல்லத் தெளியும். இரும்பு வேலை செய்துவிட்டது என்று கூட்டம் கலையும். நடந்தது வேறு. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து கட்டுமீறி மின்துடிப்பைக் கொட்டும்போது வருவது வலிப்பு. கைகால் இழுத்து உதறும் பெருவலிப்புகளில் பெரும்பாலானவற்றை மூளையே ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் அடக்கிவிடும். கூட்டம் கூடி, ஒருவர் "இரும்பு குடுங்க" என்று கத்தி, இன்னொருவர் இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்துக் கொடுக்கவும் அதே இரண்டு நிமிடம்தான் ஆகிறது. தானாக நின்ற வலிப்பின் பெருமை சாவிக்குப் போய்விடுகிறது. கையில் வைத்த சாவியால் பெரிய கெடுதல் இல்லை. பல்லுக்கிடையில் செருகும் கரண்டிதான் பல்லை உடைக்கும், ஈறைக் கிழிக்கும். நாக்கை யாராலும் விழுங்கிவிட முடியாது என்பதால் அந்தக் கரண்டிக்கு வேலையே இல்லை. சாவியின் மேல் எனக்குள்ள குறை இன்னொன்று. அதைத் தேடுகிற பரபரப்பில் ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

வலிப்புக்கு மருத்துவரைத் தேடுவதில் நாம் வைத்திருக்கும் அளவுகோல் தலைகீழானது. பார்க்க எவ்வளவு பயங்கரமாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஆட்டோ வருகிறது. ஒருநாள் மாத்திரை விட்டதால் தெருவில் விழுந்து, இரண்டு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தவருக்கும் 108 வந்து நிற்கும். பன்னிரண்டு வருடமாக மாதம் மூன்று தடவை வலிப்பு வருகிறவரோ, மடிப்பில் கிழிந்துபோன பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டிருப்பார். அவருடையது வீட்டாருக்குப் பழகிப்போன வலிப்பு. உதறலும் நுரையும் இல்லாத சின்ன வலிப்புகளுக்கோ ஊரில் பெயர்கூடக் கிடையாது. ஆனால் நரம்பியல் நிபுணர் அதிகம் தேவைப்படுவது இந்தப் பின்னிரண்டு சாராருக்குத்தான். எத்தனை நிமிடம் நீடித்தது, எத்தனை மருந்து தோற்றது, எத்தனை வருடம் போனது என்ற கணக்கை வைத்து முடிவெடுக்க வேண்டிய நோயை நாம் பயத்தை வைத்து அளந்துகொண்டிருக்கிறோம்.

முதலில் பெயர்க் குழப்பம். ஃபிட்ஸ், இழுப்பு, வெட்டு, காக்காய் வலிப்பு என்று பல பெயர்கள் புழங்குகின்றன. 'கால் கை வலிப்பு' என்பதே பேச்சில் தேய்ந்து காக்காய் வலிப்பானது என்பார்கள். காகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வலிப்பு என்பது ஒரு நிகழ்ச்சி. வலிப்பு நோய் என்பது அந்த நிகழ்ச்சி உடனடித் தூண்டுதல் இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் தன்மை. ரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ தாழ்ந்தால் யாருக்கும் வலிப்பு வரலாம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வளர்ந்தபின் வலிப்பு நோயாளிகள் ஆவதில்லை. உடனடித் தூண்டுதல் இல்லாத முதல் வலிப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேருக்கு இரண்டு வருடத்துக்குள் மறுபடி வரும். இரண்டாவதும் வந்துவிட்டால் மூன்றாவது வரும் வாய்ப்பு 70 சதவீதத்தை எட்டுகிறது. அதனால்தான் உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2014இல் வகுத்த இலக்கணம், ஒரு நாளுக்கு மேல் இடைவெளியில் இரண்டு முறை வந்தாலோ, ஒரே முறை வந்தும் மறுபடி வரும் அபாயம் அதே அளவுக்கு மிகுந்திருந்தாலோ அதை நோய் என்கிறது. ஆக, முதல் வலிப்புக்கே ஒருமுறை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். மாத்திரை எழுதுவார் என்பதற்காக மட்டும் போவதில்லை. அபாயம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவர் சொல்ல வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் இந்த நோயோடு வாழ்பவர்களை 5 கோடி என்று கணக்கிடுகிறது. அவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். இந்தியாவின் பங்கு ஒரு கோடிக்கு மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அம்மாவட்டத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வீடு வீடாக விசாரித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஓயாத வலிப்பு நோய் ஆயிரத்துக்கு 3.83 பேருக்கு இருந்தது. அந்த விகிதத்தில் லட்சம் பேர் வாழும் ஊரில் 380 பேர். மேலப்பாளையம் மாதிரி நெருக்கமாகக் கட்டிய தெருக்களில் அத்தனை வீடு என்பது கொஞ்சமில்லை. கண்ணில் படுகிறவர்களோ விரல்விட்டு எண்ணும்படிதான்.

மற்றவர்கள் ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கு ஒரு காட்சி போதும். பதினாறு வயதுப் பெண். காலையில் எழுந்து டம்ளரில் தேநீரை வாங்கும்போது கை திடுக்கென்று வெட்டி, டம்ளர் தெறிக்கிறது. பீடித்தட்டை மடியில் வைத்து இலை நறுக்க உட்கார்ந்தால் கத்தரி கையைவிட்டுத் துள்ளுகிறது. தட்டில் இருந்த தூள் தரையில். அவளுக்கு நினைவு தப்பவில்லை, விழவும் இல்லை. பத்து மணிக்கு மேல் எல்லாம் சரியாகிவிடும். "கைப்பதட்டம்", "தூக்கக் கலக்கம்" என்று வீட்டில் ஏச்சு விழும். ஒருநாள் கல்யாண வீட்டில் விடிய விடிய விழித்திருந்து மறுநாள் காலை பெருவலிப்பில் விழும்போதுதான் மருத்துவமனை. அங்கே முதல் வலிப்பு என்று எழுதுகிறார்கள். அது நூறாவது வலிப்பு. காலைநேரத் திடுக்குகளைக் கொண்ட இந்த இளம்பருவ வலிப்பு நோய், வகை தெரிந்து மருந்து கொடுத்தால் நன்றாக அடங்கும். தெரியாமல் கார்பமசெபினோ ஃபெனிடாயினோ கொடுத்தால் அந்தத் திடுக்குகள் கூடவும் செய்யலாம். 'தூக்கத்தில் கை வெட்டுமா?' என்று பொதுவாகக் கேட்டு நிறுத்தாமல், 'காலையில் டம்ளர் கைநழுவுமா?' என்று கேட்கத் தெரிந்த மருத்துவர் இவளுக்குத் தேவை.

இன்னும் அவசரமானது கைக்குழந்தையின் வலிப்பு. நான்கைந்து மாதக் குழந்தை தலையையும் உடம்பையும் திடீரென்று முன்னால் மடித்து, கைகளை விரிக்கும். சில நொடி விட்டு மறுபடி, மறுபடி. குனிந்து வணங்குவது போலிருப்பதால் பழைய ஆங்கில மருத்துவ நூல்களில் இதற்குச் சலாம் வலிப்பு என்றே பெயர். 1841இல் வில்லியம் வெஸ்ட் என்ற மருத்துவர் தம் சொந்த மகனிடம் கண்டதை லான்செட் இதழுக்குக் கடிதமாக எழுதினார்; நோய்க்கு அவர் பெயரே நின்றது. வீடுகளில் இதை வயிற்றுவலி என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஹார்மோன் சிகிச்சையோ விகாபட்ரினோ தொடங்குவது தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் வளர்ச்சியில் இழப்பு. தெருவில் விழும் பெரியவரைவிட, தொட்டிலில் சத்தமில்லாமல் சலாம் வைக்கும் இந்தக் குழந்தைக்குத்தான் அன்றைக்கே நிபுணர் வேண்டும். பள்ளியில் பத்து நொடி வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்தில் எழுதத் தொடங்கும் பிள்ளை, வாயைச் சப்புக் கொட்டிக்கொண்டு சட்டைப் பித்தானைத் தடவி நிற்கும் நடுவயதுக்காரர், இவர்களும் இதே வரிசை.

இதற்கெல்லாம் ஸ்கேனும் இ.இ.ஜி. என்ற மூளை மின்பதிவும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. இயல்பாகவே வரும். அந்தக் காகிதத்தை வைத்து 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு வருவது பெரிய ஏமாற்றம். நோயைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருந்தவர் சொல்லும் கதை. எந்தக் கை முதலில் இழுத்தது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, எழுந்தபின் எவ்வளவு நேரம் பேச்சு குழறியது. நின்றபடி மயங்கி விழுகிறவர்களும் இரண்டு உதறு உதறுவார்கள். அது இதயக் கோளாறாகவும் இருக்கலாம். மனநெருக்கடியிலிருந்து வரும் வலிப்புப் போன்ற நிலையில் கண்கள் இறுக மூடியிருப்பது வழக்கம்; நடிப்பென்று ஏசுவது தவறு, வலிப்பு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு. இவற்றைப் பிரித்தறிய நாள்முழுக்கப் படம்பிடிக்கும் வீடியோ இ.இ.ஜி. பெரிய மையங்களில் இருக்கிறது. அதற்கு முன்னால், கூட்டத்தில் ஒருவர் செல்பேசியில் எடுக்கும் ஒரு நிமிடப் படம் பல சோதனைகளுக்குச் சமம். ஊர்க் குழுவில் பரப்பாமல் மருத்துவரிடம் மட்டும் காட்ட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணங்களில் ஒன்றை மேலப்பாளையத்தை மனதில் வைத்துச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வேலூர் ஆய்வில் வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூளையில் நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி காரணமாக இருந்தது. இது பன்றியின் நாடாப்புழு என்று சொன்னதும், "நாங்க பன்னிக்கறி தொடுறதே இல்லையே" என்ற பதில் வரும். நியாயமான பதில்தான், ஆனால் புழுவின் சுற்று அப்படி ஓடுவதில்லை. சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றவருடைய குடலில் புழு வளரும். மூளைக் கட்டி அவருக்கு வந்தாக வேண்டுமென்பதில்லை. அவருடைய மலத்தோடு வெளியேறும் முட்டை, கழுவாத கையிலும் பச்சைக் காய்கறியிலும் தண்ணீரிலும் ஏறி யாருடைய வாய்க்குள் போகிறதோ, அவருடைய மூளைக்குத்தான் கட்டி. நியூயார்க்கில் பன்றியைக் கையாலும் தொடாத யூத ஆசாரக் குடும்பங்களில் இந்நோய் கண்டு, 1992இல் அது மருத்துவ இதழில் வெளியானது; வீட்டு வேலைக்கு வந்தவர்கள் வழியே முட்டை வந்திருக்க வேண்டும் என்று விளக்கினார்கள். பாளையங்கால் வாய்க்காலில் எந்தத் தெருவின் கழிவு கலக்கிறது என்பது, யார் தட்டில் என்ன கறி என்பதைவிட இந்த நோய்க்கு நெருக்கமான கேள்வி. ஸ்கேனில் வளையமாகத் தெரியும் கட்டி காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம். பூச்சி மாத்திரைதானே என்று தாமே விழுங்கினால் மூளைக்குள் புழு செத்து வீக்கம் கூடும் அபாயம் உண்டு. எப்போது புழுக்கொல்லி, எப்போது ஸ்டீராய்டு, எப்போது சும்மா இருப்பது என்பது நிபுணரின் தீர்ப்பு. ஒற்றைக் கட்டி பெரும்பாலும் மறைந்துவிடும் என்பதும், அப்போது மாத்திரையை வெகுகாலம் தொடர வேண்டியிருக்காது என்பதும் நல்ல செய்தி.

எல்லாருக்கும் நிபுணர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நடக்கவும் நடக்காது. மைசூர்ப் பக்கம் எளந்தூரில் மருத்துவர் கே.எஸ். மணியும் கூட்டாளிகளும் பழைய, மலிவான ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிடாயின் மாத்திரைகளைக் கிராமத்திலேயே ஒழுங்காகக் கொடுத்து, பாதிக்கும் மேற்பட்டோரின் வலிப்பை அடக்கிக் காட்டினார்கள். 2001இல் லான்செட்டில் வந்த வேலை அது. சரியாகச் சிகிச்சை பெற்றால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆரம்பச் சுகாதார நிலையத்தால் முடிகிற காரியம் இதில் பெரும்பகுதி. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வலிப்பு மாத்திரைக்கும் அதே ஒழுங்கு வேண்டும். மீதி முப்பது சதவீதம்தான் கேள்வி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 525 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேர் வலிப்பிலிருந்து விடுபட்டார்கள். இரண்டாவது மருந்தில் மேலும் 13 சதவீதம். அதற்குப் பின் மூன்றாவது, நான்காவது என்று மாற்றியதில் கிடைத்தது சொற்பம். இதிலிருந்துதான் 2010இல் ஒரு வரையறை வந்தது. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய். அந்தக் கணத்தில் வலிப்பு மையத்துக்குப் போக வேண்டும். மூன்றாவது மாத்திரைக்குக் காத்திருப்பது நம் பழக்கம்.

அந்த மையத்தில் என்ன கிடைக்கும்? சிலருக்கு அறுவைச் சிகிச்சை. பொட்டெலும்புக்குப் பின்னால் உள்ள மூளை மடலிலிருந்து வலிப்பு வருகிறவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, கனடாவில் 80 பேரிடம் நடந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஒரு வருட முடிவில், நினைவைத் தப்பவைக்கும் வலிப்பு நின்றவர்கள் அறுவைக்குழுவில் 58 சதவீதம், மருந்துக்குழுவில் 8. தில்லி எய்ம்ஸ் 116 குழந்தைகளிடம் செய்து 2017இல் வெளியிட்டதில் அது 77க்கு 7. "மூளையைத் தொட்டால் கைகால் போய்விடுமே" என்ற அச்சத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. எய்ம்ஸ் ஆய்விலேயே அறுவைக்குப் பின் சிலருக்குக் கைகால் பலவீனம் ஏற்பட்டது; அது பெரும்பாலும் எந்தப் பகுதியை எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முன்பே எதிர்பார்த்தது. தராசின் மறுதட்டில் இருப்பதையும் சொல்ல வேண்டும். அடங்காத பெருவலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கத்திலேயே திடீர் மரணம் நேர்வதுண்டு. வலிப்பு நோய் உள்ள பெரியவர்கள் எல்லாரையும் சேர்த்தால் வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர். நீரில் மூழ்கிச் சாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல். தாமிரபரணிப் படித்துறையில் கழுத்தளவு நீரில் நிற்கும் வலிப்பு நோயாளிக்கு அறுவைக் கத்தியைவிட ஆறு ஆபத்தானது.

செலவு, தூரம் என்ற மறுப்பு மேலப்பாளையத்துக்குப் பாதிதான் பொருந்தும். ஹைகிரவுண்டில் 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் ஆற்றைக்கூடத் தாண்டாத தூரம். அங்கிருந்து மேல்நிலை மையம் என்றால், 1995 முதல் வலிப்புக்கு அறுவை செய்துவரும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் நாகர்கோவில் வழியாக ஒருநாள் பயணம். மத்திய அரசின் நிறுவனம். வருகிற சிரமம் வேறு: பீடி சுற்றும் வீட்டில் ஒருநாள் வேலை போனால் ஒருநாள் கூலி போனது. அதனால்தான் எப்போது போக வேண்டும் என்ற கணக்கு தெளிவாக இருக்க வேண்டும் என்கிறேன். தேவையில்லாத பத்து நடை நடந்து ஓய்ந்தவர்கள், தேவையான பதினோராவது நடையை நடப்பதில்லை.

ஓதிப் பார்ப்பதும் தாயத்துக் கட்டுவதும் இருக்கின்றன. வலிப்பு வந்த ஒரு பெண் நபிகள் நாயகத்திடம் (ஸல்) துஆ கேட்டு வந்த செய்தி சஹீஹ் புகாரியில் இருக்கிறது. பொறுமையையும் அதற்குரிய சொர்க்கத்தையும் தேர்ந்தெடுத்த அவள், வலிப்பின்போது தன் ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆ கேட்டாள், அது செய்யப்பட்டது. பொறுமை போதும், மருந்து வேண்டாம் என்பதற்கு இதை ஆதாரம் காட்டுகிறவர்கள் உண்டு. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன நபிமொழிகளையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு அந்த முடிவு வராது. எனக்கு அந்தச் செய்தியில் பிடிபடுவது வேறு: நோயாளி சாவதைவிட அஞ்சுவது, பலர் முன்னே உடல் தன் வசமிழப்பதை. சாவியைத் தேடுகிற நேரத்தில் ஒரு துண்டை எடுத்துப் போர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இரண்டும் நடக்கும். மானமும் காக்கப்படும், எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாமலும் இருக்கும்.

நிமிடக் கணக்கு ஒன்று பாக்கி. ஐந்து நிமிடம் தாண்டியும் உதறல் நிற்காவிட்டால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்தது தொடங்கினால், அதற்குமேல் வலிப்பு தானாக நிற்கும் என்று நம்பக்கூடாது. மூளைக்குச் சேதம் தொடங்கும் பாதை அது. அப்போது 108தான். கர்ப்பிணிக்கு வந்தாலும், தண்ணீரில் வந்தாலும், தலையில் அடிபட்டாலும், முதல் முறையாக இருந்தாலும் நிமிடம் எண்ணாமல் கிளம்ப வேண்டும். திரும்பத் திரும்ப நீண்ட வலிப்பு வருகிறவர் வீட்டில் மூக்கில் அடிக்கும் மிடசோலம் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவைப்பது நல்லது.

அந்தப் பதினாறு வயதுப் பெண்ணிடம் திரும்புவோம். ரமலான் வந்தால் இரவுத் தொழுகை, சஹருக்கு எழுவது என்று தூக்கம் துண்டாகிறது. மதிய மாத்திரை விடுபடுகிறது. அவளுடைய வகை வலிப்புக்கு இரண்டுமே தூண்டுகோல். ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்தால் சிலருக்கு வேளையை இஃப்தாருக்கும் சஹருக்கும் மாற்றிக் கொடுக்க முடியும். முடியாதவர்களுக்கு நோயாளிக்குரிய சலுகை மார்க்கத்திலேயே உண்டு. அவளுக்கு மிக நன்றாக வேலை செய்யும் சோடியம் வால்ப்ரோயேட், கர்ப்பத்தில் சாப்பிட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரக்கூடிய மருந்தும்கூட. அறிவு வளர்ச்சியும் பாதிக்கலாம். கர்ப்பம் தரித்தபின் பயந்து மாத்திரையைத் திடீரென நிறுத்துவது தாய்க்கே ஆபத்து. ஆகவே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காலம் நிக்காஹ் பேச்சுக்கு முன்னால். அந்தக் காலத்தில்தான் வீட்டார் நோயை மறைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் மாத்திரை அட்டையைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்து, விருந்து நாட்களில் இரண்டு வேளை தவறி, தூக்கமும் கெட்டு, அவள் விழுவது அங்கேயே. சட்டம் இதில் ஊரைவிட முன்னால் போயிருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக 1976இல் நுழைந்த வலிப்பு என்ற சொல்லை 1999ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. மனைவி மணவிலக்குக் கோரக்கூடிய காரணங்களைச் சொல்லும் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டத்தில், கணவனின் பைத்தியம் பேர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது; 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வரை தொழுநோயும் அப்படிக் குறிக்கப்பட்டிருந்தது. வலிப்பு அந்தப் பட்டியலில் இல்லை.